ஒரே ஆர்டரின் லாபம்: ஐடியாஃபோர்ஜ் பங்கு ஏறி இறங்கிய கணக்கு

2023 ஜூலை 7. நவி மும்பையில் இயங்கும் ஐடியாஃபோர்ஜ் டெக்னாலஜி என்ற ட்ரோன் நிறுவனத்தின் பங்கு, தேசியப் பங்குச் சந்தையில் 1,300 ரூபாயில் பட்டியலானது. ஐபிஓவில், அதாவது முதல் பொது வெளியீட்டில், விலை 672. அதில் அலாட்மென்ட் (பங்கு ஒதுக்கீடு) கிடைத்தவர்களுக்குப் போட்ட பணம் முதல் நிமிடத்திலேயே ஏறக்குறைய இரட்டிப்பானது. அன்றே பங்கு 1,344 வரை போனது. 21 மாதம் கழித்து, 2025 ஏப்ரலில், அதே பங்கு 300 ரூபாயை ஒட்டிக் கைமாறிக்கொண்டிருந்தது. உச்சத்திலிருந்து நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கரைந்துவிட்டது.

பொய்க்கணக்கு வெளியாகி விழுந்த பங்கு அல்ல இது. நிறுவனம் உண்மையானது. அதன் ட்ரோன்கள் உண்மையாகவே பறக்கின்றன, எல்லையில் ராணுவம் அவற்றைப் பயன்படுத்துகிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். ஏமாற்றுக் கம்பெனியில் பணம் இழந்தவர் யாரையாவது குற்றம் சொல்லிக்கொள்ளலாம். நல்ல கம்பெனியில், நல்ல பொருளில், நாடே பேசிய துறையில் போட்டு முக்கால்வாசிப் பணத்தை இழந்தவர் யாரைச் சொல்வார்? இந்தக் கேள்விக்கு விடை நிறுவனத்தின் கணக்குகளிலேயே, ஐபிஓவுக்கு முன்பே, கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது என்பது என் முடிவு.

பதினான்கு ஆண்டுப் பொறுமை

ஐஐடி பம்பாயில் படித்த அங்கித் மேத்தா, ராகுல் சிங், ஆஷிஷ் பட் முதலானோர் 2007இல் தொடங்கிய நிறுவனம் இது. இந்தியாவில் ட்ரோன் என்ற சொல்லையே செய்தித்தாள்கள் அதிகம் எழுதாத காலம். அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுடன் சேர்ந்து நேத்ரா என்ற சிறு கண்காணிப்பு ட்ரோனை உருவாக்கினார்கள். 2013இல் உத்தராகண்ட் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேட அது பயன்பட்டது. குவால்காம், இன்ஃபோசிஸ் போன்ற பெரிய பெயர்கள் முதலீடு செய்தன. இருந்தும் 2020-21 நிதியாண்டில் நிறுவனத்தின் மொத்த வருமானம் சுமார் 35 கோடி ரூபாய், நஷ்டம் சுமார் 15 கோடி. பதினான்கு ஆண்டு உழைப்புக்குப் பிறகும் நிலை அதுதான். ராணுவத்துக்குப் பொருள் செய்யும் சிறு நிறுவனத்தின் இயல்பான வேகம் என்ன என்பதற்கு இந்தப் பதினான்கு ஆண்டுகளே சான்று. பிற்பாடு சந்தை மறந்தது இதைத்தான்.

வேகத்தை மாற்றியது கல்வான். 2020 ஜூனில் லடாக்கில் நடந்த மோதலுக்குப் பின், அவசரக் கொள்முதல் அதிகாரம் முப்படைகளுக்கும் வழங்கப்பட்டது. வழக்கமான பல ஆண்டு நடைமுறையைத் தாண்டி, ஓர் ஒப்பந்தத்துக்கு 300 கோடி ரூபாய் வரை படைத் தலைமையகங்களே முடிவெடுக்கலாம். பொருளும் விரைவில் கைக்கு வர வேண்டும். மலை உச்சியில், மெலிந்த காற்றில், கடும் குளிரில் பறக்கும் சிறு ட்ரோன் வேண்டுமென்று ராணுவம் தேடியது. பன்னிரண்டு நிறுவனங்கள் அளவில், வெளிநாட்டவர் உட்பட, போட்டியிட்டன. களப் பரிசோதனையில் தேறியது ஐடியாஃபோர்ஜின் ஸ்விட்ச் மட்டும் என்று நிறுவனம் அறிவித்தது. 2021 ஜனவரியில் சுமார் 2 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்றைய மதிப்பில் 140 கோடி ரூபாய்க்கு மேல். ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

அந்த ஸ்விட்ச் ஒரு நல்ல பொறியியல் வேலை. ஹெலிகாப்டர் போல நின்ற இடத்திலிருந்து எழும்பி, பிறகு விமானம் போல இறக்கையால் பறக்கும். ஏழு கிலோவுக்கும் குறைவான எடை, இரண்டு மணி நேரம் வரை பறக்கும் திறன். ஒரு வீரர் முதுகில் சுமந்துகொண்டு மலையேறலாம். இந்திய நிறுவனம் ஒன்று உலகப் போட்டியாளர்களை லடாக் உயரத்தில் வென்றது சாதாரண விஷயமல்ல. அந்தப் பெருமையில் பொய் ஏதுமில்லை.

அடுத்த நிதியாண்டு, 2021-22, வருமானம் 159 கோடி. லாபம் 44 கோடி. வருமானம் ஒரே ஆண்டில் நாலரை மடங்கு.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆர்டர் 140 கோடிக்கு மேல். வருமான உயர்வு சுமார் 125 கோடி. ஓராண்டில் ஒப்படைக்க வேண்டிய ஆர்டர், கையெழுத்தானதற்கு அடுத்த ஆண்டில் வருமானமாகியிருக்கிறது. வளர்ச்சியில் பெரும்பகுதியை ஒரே ஒப்பந்தத்தை வைத்தே விளக்கிவிடலாம். ஒரு பெரிய கல்யாணத்துக்குச் சமைத்த சமையல் கான்ட்ராக்டரின் அந்த மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வங்கியில் கடன் கேட்டால், எந்த மேனேஜரும் அடுத்த முகூர்த்தத்துக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்பார். பங்குச் சந்தை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சந்தையின் மனநிலை

ஏன் கேட்கவில்லை என்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த பாதுகாப்புத் துறை ஐபிஓக்களைப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் ஹைதராபாத்தின் எம்டார் டெக்னாலஜிஸ் 575 ரூபாய்க்கு வந்தது, 200 மடங்கு விண்ணப்பங்கள், 1,050 ரூபாயில் பட்டியலானது. அதே ஆண்டு செப்டம்பரில் பாரஸ் டிஃபென்ஸ்: வெறும் 171 கோடி ரூபாய் வெளியீட்டுக்கு 304 மடங்கு விண்ணப்பம், 175 ரூபாய்ப் பங்கு 475இல் தொடக்கம். டிசம்பரில் சென்னை சிறுசேரியின் டேட்டா பேட்டர்ன்ஸ் 585க்கு வந்து 864இல் பட்டியலானது. 2022 டிசம்பரில் ட்ரோன்ஆசார்யா, சிறு நிறுவனங்களுக்கான எஸ்எம்இ தளத்தில், 54 ரூபாய்ப் பங்கு 102இல் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் தொழிலில் ட்ரோன் ஓட்டப் பயிற்சி தருவதும் சேவைகளும்தான் முக்கியம், தயாரிப்பு அல்ல. அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு வெளியீடும் அடுத்ததற்கு விளம்பரம் ஆனது. அரசும் இதே காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்புகளை வெளியிட்டது. 2021 ஆகஸ்ட்டில் தாராளமான புதிய ட்ரோன் விதிகள் வந்தன. செப்டம்பரில் ட்ரோன் உற்பத்திக்கு 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. உக்ரைன் போர்க்களக் காணொளிகள் எல்லாக் கைப்பேசியிலும் ஓடின. 'ட்ரோன்' என்ற பெயர் இருந்தாலே வாங்கலாம் என்ற நிலைக்குச் சிறு முதலீட்டாளர்கள் வந்திருந்தார்கள்.

இந்தச் சூழலில் 2023 ஜூன் கடைசி வாரத்தில் ஐடியாஃபோர்ஜ் ஐபிஓ திறந்தது. விலை வரம்பு 638 முதல் 672 வரை. மொத்தம் சுமார் 567 கோடி. மொத்த விண்ணப்பம் 106 மடங்கு. சில்லறை முதலீட்டாளர் பகுதிக்கு மட்டும் 85 மடங்கு. கிரே மார்க்கெட் பிரீமியம் (ஜிஎம்பி), அதாவது பட்டியலாகும் முன்பே அதிகாரபூர்வமற்ற சந்தையில் ஐபிஓ விலைக்கு மேல் கொடுக்கும் தொகை, 500 ரூபாயை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் கம்பெனி என்ன செய்கிறது என்பதைவிட ஜிஎம்பி இன்று எவ்வளவு என்பதே பேச்சு.

இதில் சில்லறைக்கு ஒதுக்கியது 10 சதவீதம்தான். தொடர் லாப வரலாறு இல்லாத நிறுவனங்களுக்கு, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி, 75 சதவீதம் பெரிய நிறுவன முதலீட்டாளர்களுக்குப் போக வேண்டும். மொத்தம் சுமார் 84 லட்சம் பங்குகள். அதில் பத்தில் ஒரு பங்கு 8.4 லட்சம், ஒருவர் விண்ணப்பிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவான ஒரு லாட் 22 பங்கு என்றால் நாடு முழுக்க ஏறக்குறைய 38,000 பேருக்குத்தான் கிடைக்கும். விண்ணப்பித்த மற்ற எல்லாருக்கும் யுபிஐயில் முடக்கிய பணம் திரும்பி வந்தது. இந்தத் 'திரும்பி வந்த' கூட்டம்தான் பட்டியல் நாளின் தேவை. கிடைக்காத ஏக்கத்தோடு 1,300க்கும் 1,340க்கும் வாங்கியவர்கள் அவர்கள். ஐபிஓ பங்குகளில் சிறு முதலீட்டாளர் இழப்பின் பெரும்பகுதி விண்ணப்பத்தில் நேர்வதில்லை. பட்டியலான முதல் வாரத்தில் நேர்கிறது. இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியீட்டு ஆவணம் சொன்னது

வெளியீட்டு ஆவணத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று விஷயங்கள் என் கண்ணில் பட்டன, நான்காவது பின்னால் தெரிந்தது.

2022-23இல் வருமானம் 186 கோடியாக உயர்ந்தது. லாபமோ 44 கோடியிலிருந்து 32 கோடியாக இறங்கியது. வருமானம் கூடும்போது லாபம் குறைவதற்குக் காரணம் தெரியாமல் 87 மடங்கு பிஇ (நிறுவனத்தின் மதிப்பு ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம்) கொடுக்கக் கூடாது. 672 ரூபாயில் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 2,800 கோடி. 32 கோடியால் வகுத்தால் வருவது அதுதான். 1,300இல் மதிப்பு சுமார் 5,400 கோடி. அப்போது லாபத்தைப் போல 170 மடங்கு, விற்பனையைப் போல 29 மடங்கு.

அடுத்தது ஆர்டர் புக். 2023 மார்ச் இறுதியில் கையில் இருந்த ஆர்டர் சுமார் 190 கோடி. ஏறக்குறைய ஓராண்டு விற்பனைக்குச் சமம். ஓராண்டுக்குப் பிறகு என்ன என்பதற்கு ஆவணத்தில் பதில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் நிறுவனத்துக்கே தெரியாது. பாலம் கட்டும் நிறுவனமோ கப்பல் கட்டும் தளமோ பல ஆண்டு ஆர்டரை வைத்திருக்கும். சிறு ட்ரோன் ஆர்டர் ஓராண்டில் தீர்ந்துவிடும் வகை.

புதிய பங்கு வெளியீட்டில் வந்த 240 கோடியில் 135 கோடி செயல்பாட்டு மூலதனத்துக்கு என்று எழுதியிருந்தது. புதுப் பொருள் உருவாக்கத்துக்கு 40 கோடி மட்டும். தொழில்நுட்ப நிறுவனம் என்று நம்பிப் பணம் போட்டவர்கள் இந்த விகிதத்தை நின்று பார்த்திருக்க வேண்டும். திரட்டும் பணத்தில் பாதிக்கும் மேல் எங்கே போகிறது? ஆர்டர் வருவதற்கு முன்பே பாகங்களை வாங்கி அடுக்கவும், ஒப்படைத்த பிறகு அரசுப் பணம் வரும்வரை காத்திருக்கவும். இதுதான் இந்தத் தொழிலின் உண்மையான முகம். மீதமுள்ள 327 கோடி நிறுவனத்துக்கே வரவில்லை. பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்றுப் பெற்றது.

நான்காவது எண் ஆவணத்தில் நேரடியாகத் தெரியாது. ஐபிஓ முடிந்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. 2023 ஏப்ரல்-ஜூன் காலாண்டு முடிவு வெளியானபோது, லாபம் 54 சதவீதம் சரிந்து 18.9 கோடி ஆனதாகச் செய்தி. ஒப்பீட்டுக்காகக் கொடுத்திருந்த முந்தைய ஆண்டின் அதே காலாண்டு லாபம் சுமார் 41 கோடி. அந்த முழு ஆண்டின் லாபமே 32 கோடிதான்! அதாவது 2022-23இன் முதல் காலாண்டில் 41 கோடி சம்பாதித்து, மீதி ஒன்பது மாதத்தில் 9 கோடியை இழந்திருக்கிறது. 87 மடங்கு பிஇ என்று சந்தை மதிப்பிட்ட லாபம் முழுதும் மூன்று மாதத்தில் வந்து முடிந்த ஒன்று.

காலாண்டு காலாண்டாக

பட்டியலான பிறகு நடந்ததை எண்களே சொல்லட்டும். 2023-24இல் நான்கு காலாண்டுகளின் வருமானம் வரிசையாக 97 கோடி, 24 கோடி, 91 கோடி, 102 கோடி. மொத்தம் 314 கோடி, லாபம் 45 கோடி. வருமானம் முந்தைய ஆண்டைவிட 69 சதவீதம் அதிகம். ஆண்டு எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வெற்றிக் கதை. அந்த இரண்டாவது காலாண்டின் 24 கோடியையும், அதில் கிடைத்த 1 கோடிக்கும் குறைவான லாபத்தையும் பார்த்தவர்களுக்குக் கதை வேறு. ஒரு காலாண்டில் ஒப்படைப்பு தள்ளிப்போனால் வருமானம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது.

2024-25இல் வரிசை இப்படி: 86 கோடி, 37 கோடி, 18 கோடி, 20 கோடி. லாபம் 1 கோடியில் தொடங்கி, பிறகு நஷ்டம் 14 கோடி, 24 கோடி, 26 கோடி. ஆண்டு வருமானம் 161 கோடி, நஷ்டம் 62 கோடி. பழைய ஆர்டர்கள் ஒப்படைத்து முடிந்தன, புதியவை வரவில்லை. அது பொதுத்தேர்தல் ஆண்டு. கொள்முதல் முடிவுகள் தள்ளிப்போயின. பொறியாளர்களின் சம்பளமும் ஆராய்ச்சிச் செலவும் தள்ளிப்போவதில்லை. 18 கோடி விற்ற காலாண்டில் 24 கோடி நஷ்டம் வருவது இப்படித்தான்.

பங்கு விலை இந்த எண்களின் பின்னாலேயே போனது. 2024 இறுதிக்குள் 672க்குக் கீழே இறங்கி, 2025 பிப்ரவரி முடிவுகளுக்குப் பின் வேகமாகச் சரிந்து, ஏப்ரலில் 300ஐ ஒட்டி நின்றது. ஐபிஓவில் ஒரு லாட் கிடைத்து வைத்திருந்தவரின் 14,784 ரூபாய் 6,600 ஆகியிருக்கும். பட்டியல் விலையில் 22 பங்கு வாங்கியவரின் 28,600 ரூபாயும் அதே 6,600தான்.

வாங்குபவர் ஒருவர், நாட்காட்டி அவருடையது

இதெல்லாம் ஏன் இப்படி என்று புரிந்துகொள்ள, ராணுவம் எப்படி வாங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பங்கு ஆலோசனைக் காணொளிகள் தொடாத இடம் இது.

வழக்கமான வழியில் முதலில் தேவை ஏற்பு; அதாவது இந்தப் பொருள் வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் கொள்கையளவில் ஒப்புவது. செய்திகளில் 'இத்தனை ஆயிரம் கோடிக்குக் கொள்முதல் ஒப்புதல்' என்று வருவது பெரும்பாலும் இந்தக் கட்டம்தான். அன்றே பங்குகள் ஏறும். ஆனால் ஒரு ரூபாய்க்குக்கூட ஆர்டர் ஆகியிருக்காது. அதன் பிறகு டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, களப் பரிசோதனை. பரிசோதனைக்கு நிறுவனம் தன் சொந்தச் செலவில் கருவிகளையும் ஆட்களையும் ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் லடாக் உச்சிக்கும் கொண்டுபோக வேண்டும். தேறாவிட்டால் அந்தச் செலவு போனது போனதுதான். தேறினாலும் வாங்குவோம் என்ற உறுதி கிடையாது. தேறியவர்களுக்குள் யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவர் எல்1. ஆர்டர் அவருக்கு. பிறகு விலைப் பேச்சு, ஒப்பந்தம், வங்கி உத்தரவாதம். பொருளை ஒப்படைத்து, ஆய்வாளர்கள் சரிபார்த்து ஏற்ற பின்னரே பெரும்பகுதிப் பணம்.

கோவை, ஓசூர் பட்டறைகளில் பாதுகாப்புத் துறைக்குப் பாகம் கடைந்து கொடுப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். ஆர்டர் வந்ததும் யாரும் புதுக் கார் வாங்குவதில்லை.

அவசரக் கொள்முதல் இந்தப் பாதையைச் சுருக்குகிறது, அதனால்தான் ஐடியாஃபோர்ஜுக்கு 2021 சாத்தியமாயிற்று. ஆனால் அவசரம் என்பது தொடர்ச்சி அல்ல. எல்லையில் பதற்றம் தணிந்தால் அந்த வழி குறுகிவிடும், நிறுவனம் மறுபடியும் பழைய வரிசையில் நிற்கும். 2021-22இன் 44 கோடி லாபம் ஒரு பதற்றக் காலத்தின் விளைவு. அதை ஆண்டுதோறும் வளரும் லாபமாக நினைத்து விலை வைத்ததுதான் இந்த நிகழ்வின் மையப் பிழை. அந்தப் பிழையைச் செய்தவர்கள் சிறு முதலீட்டாளர்கள் மட்டுமல்ல. ஐபிஓ திறக்கும் முன்பே பங்கு ஒதுக்கப்படும் ஆங்கர் முதலீட்டாளர்களாக 672 ரூபாய்க்கு 255 கோடி போட்ட பெரிய நிதி நிறுவனங்களும் அந்த விலையை ஏற்றார்கள். அவர்களில் விற்கும் அனுமதி கிடைத்ததுமே விற்றவர்கள் தப்பியிருப்பார்கள்.

போட்டியும் சும்மா இருக்கவில்லை. இறக்குமதித் தடை வெளிநாட்டாரைத் தடுத்தது. உள்நாட்டில் கதவைத் திறந்துவிட்டது. ரிலையன்ஸ் குழுமத்தின் ஆஸ்டீரியா முதல் நொய்டாவின் ராஃபி எம்ஃபைபர் வரை பணபலமுள்ளவர்கள் களத்தில் இருக்கிறார்கள். ஒரு களப் பரிசோதனையில் தனியாகத் தேறிய பெருமை அடுத்த டெண்டரில் உதவாது. அங்கே ஐந்து பேர் தேறினால் விலைதான் பேசும்.

கையெழுத்தான ஒப்பந்தமும் பத்திரமில்லை என்பதை 2025 பிப்ரவரியில் பார்த்தோம். சீன மின்னணுப் பாகங்கள் இருப்பதாகக் கண்டறிந்து, 400 சரக்கு ட்ரோன்களுக்கான சுமார் 230 கோடி ரூபாய் ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்தது. ஐடியாஃபோர்ஜின் ஒப்பந்தங்கள் அல்ல அவை. ஆனாலும் ஆர்டர் புக்கில் எழுதியிருப்பதை அப்படியே வருங்கால வருமானமாக எடுத்துக்கொள்பவர்கள் அனைவருக்கும் அது பொருந்தும். நாட்டுப் பாதுகாப்பு என்று பார்த்தால் அந்த ரத்து சரியான முடிவு. எல்லையில் நிற்கும் வீரரின் ட்ரோன், எதிரி நாட்டின் சிப்பை நம்பிப் பறக்கக் கூடாது. முதலீட்டாளரின் நஷ்டம் அதற்கு அடுத்த கவலைதான்.

சிறுசேரியிலிருந்து ஓர் ஒப்பீடு

எல்லாச் சிறு பாதுகாப்பு நிறுவனமும் இப்படித்தானா? டேட்டா பேட்டர்ன்ஸை வைத்துப் பார்க்கலாம். 1985இல் தொடங்கி, ரேடார், மின்னணுப் போர்க் கருவிகள், ஏவுகணைக்கான மின்னணு அமைப்புகள் என்று பல திட்டங்களில் வேரூன்றிய நிறுவனம். டிஆர்டிஓ, அரசு நிறுவனங்களான பிஇஎல், எச்ஏஎல், ஏவுகணை செய்யும் பிரம்மோஸ் என வாடிக்கையாளர்கள் பலர். கடைசியில் எல்லாமே அரசுப் பணம்தான். ஆனால் ஒரு திட்டம் நின்றால் இன்னொன்று ஓடும். 2021-22இல் 311 கோடி வருமானம், 94 கோடி லாபம். 2024-25இல் 708 கோடி வருமானம், 222 கோடி லாபம். இடையில் எந்த ஆண்டும் நஷ்டமில்லை.

அங்கேயும் காலாண்டுகளைத் திறந்து பாருங்கள். 2024-25இன் முதல் மூன்று காலாண்டு வருமானம் 104 கோடி, 91 கோடி, 117 கோடி. கடைசிக் காலாண்டு மட்டும் 396 கோடி. மார்ச் 31க்குள் பட்ஜெட்டைச் செலவழிக்கும் அரசு வழக்கம் இங்கே அப்படியே தெரிகிறது. வரவேண்டிய பாக்கியும் எப்போதும் பெரியது. ஆண்டு விற்பனையில் பாதிக்கும் மேல் வசூலாகாமல் நின்ற ஆண்டுகள் உண்டு. நல்ல நிறுவனம், ஆனால் லாபம் வேறு, கையில் வரும் பணம் வேறு. இவ்வளவு உறுதியான நிறுவனத்தின் பங்கே 2024 நடுவில் 3,600ஐ ஒட்டிப் போய், 2025 தொடக்கத்தில் 1,400க்குக் கீழே வந்தது. இத்தனைக்கும் அந்த நிதியாண்டின் மொத்த லாபம் குறையவே இல்லை. 3,600 என்ற விலையில் அடுத்த பல ஆண்டு ஆர்டர்களையும் சந்தை முன்கூட்டியே செலவழித்திருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது: ஐடியாஃபோர்ஜில் தவறானது லாபத்தைப் பற்றிய கணிப்பு. டேட்டா பேட்டர்ன்ஸில் லாபக் கணிப்பு சரி, கொடுத்த விலை தவறு. முதல் வகைப் பிழையிலிருந்து மீள நிறுவனம் புதிய ஆர்டர் பெற வேண்டும். இரண்டாம் வகையில் காத்திருந்தால் போதும். வாங்கும் முன் எந்த வகை அபாயத்தை எடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் எவ்வளவு பணம் போடுவது என்பது தானாகவே மாறிவிடும்.

இத்தகைய பங்கைப் பார்க்கும்போது நான் ஆண்டறிக்கையில் முதலில் திருப்பும் பக்கம் லாப நஷ்டக் கணக்கு அல்ல. செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் எவ்வளவு என்ற பக்கம். அதற்கு அடுத்தது, முதல் ஐந்து வாடிக்கையாளர்கள் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்ற குறிப்பு. பிறகு எட்டு காலாண்டுகளின் வருமானத்தை ஒரே தாளில் எழுதிப் பார்ப்பேன். அந்த வரிசை சீராக இல்லையென்றால் பிஇ விகிதம் என்ற ஒன்றையே மறந்துவிட வேண்டும். நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் சேர்த்து மூன்று நான்கு ஆண்டுச் சராசரி லாபத்தை வைத்துத்தான் விலையை எடைபோட வேண்டும். ஐடியாஃபோர்ஜுக்கு 2021-22 முதல் 2024-25 வரை நான்கு ஆண்டு லாபத்தைக் கூட்டினால் 44, 32, 45, கழித்தல் 62. மொத்தம் 59 கோடி. ஆண்டுக்குச் சராசரி 15 கோடிக்கும் குறைவு. 5,400 கோடி மதிப்பு எந்த அளவுக்கு உயரத்தில் இருந்தது என்பதை இந்த 15 கோடியோடு ஒப்பிட்டால் தெரியும்.

2025 மே

பஹல்காம் தாக்குதலுக்குப் பின் மே 7இல் ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது. இரு நாட்டு ட்ரோன்களும் வானில் மோதிய முதல் சண்டை என்று எல்லாரும் எழுதினார்கள். ட்ரோன் பங்குகள் ஒரே வாரத்தில் தாவின. ஐடியாஃபோர்ஜ் அப்பர் சர்க்யூட் அடித்தது, அதாவது ஒரே நாளில் அனுமதிக்கப்பட்ட உச்ச ஏற்றத்தைத் தொட்டது. 2023இல் ஏறிய அதே உணர்வு, அதே குழுக்கள், இந்த முறை இன்னும் கனமான காரணத்தோடு. ஜூன் மாத இறுதியில் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து சுமார் 137 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்ததாக நிறுவனம் அறிவித்தது. சிறுவகை ஹைப்ரிட் ட்ரோன்கள், அவசரக் கொள்முதல் வழியில், 12 மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்.

2021 ஜனவரியின் ஒப்பந்தமும் ஏறக்குறைய இதே தொகை, இதே வழி, இதே கால அளவு. அப்போது நிறுவனத்தின் பங்கு சந்தையில் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால் ஒப்படைப்பு நடக்கும் காலாண்டுகளில் வருமானம் எகிறுவதையும் அதைத் தொடர்ந்து விலை எகிறுவதையும் நேரடியாகப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில் கேட்க வேண்டியது அடுத்த 137 கோடி எங்கே என்பதுதான்.

சண்டை நடந்ததும் பங்கு தாவியதும் ஆர்டர் வந்ததும் எல்லாம் அடங்கிய அந்த 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டின் கணக்கு பிறகு வெளியானது. வருமானம் 13 கோடிக்குச் சற்றுக் குறைவு. முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் 86 கோடி. நஷ்டம் 23.5 கோடி.